பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான், ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்கக் கூட்டமைப்புகள் என்று ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை வெளியிடுகிறது. அவற்றைப் படிக்கும் மாணவர்களும் செய்தியாளர்களும் அரசு அலுவலர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாமே என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

முதலில் அடிப்படை. பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைப்பு என்றால் சரியாக என்ன?

ஒரு வட்டாரத்து நாடுகள் தங்களுக்குள் சரக்கு, சேவை, முதலீடு, ஆட்கள் ஆகியவை எல்லை தாண்டுவதற்கு இருக்கும் தடைகளைக் குறைத்துக்கொள்வது. ஹங்கேரியில் பிறந்த பொருளியலாளர் பேலா பலாஸா 1961இல் இதை ஐந்து படிகளாகப் பிரித்தார். உள்ளுக்குள் சுங்கவரி இல்லாத தடையற்ற வர்த்தகப் பகுதி முதல் படி. வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரி போடும் சுங்க ஒன்றியம் இரண்டாவது. ஆட்களும் மூலதனமும் சேர்ந்து நகரும் பொதுச் சந்தை மூன்றாவது. அதற்கு மேல் பொருளாதார ஒன்றியம், கடைசியில் முழு ஒருங்கிணைப்பு.

பாடத்துக்கு இது வசதி. நடப்பில் யாரும் வரிசையாகப் படியேறுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான எக்கோவாஸ், ஆட்கள் விசா இல்லாமல் 90 நாள் போய்வரும் உரிமையை 1979லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் பொது வெளிச் சுங்கவரியோ 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் “எத்தனையாவது படி?” என்று மட்டும் கேட்டால் பாதிக் கதை விட்டுப்போகும்.

கண்காணிப்பு, மதிப்பீடு என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது கண்காணிப்பு: சொன்ன தேதிக்குள் வரி குறைந்ததா, சட்டம் திருத்தப்பட்டதா, எல்லைச் சாவடி திறந்ததா. மதிப்பீடு பிற்பாடு வருவது: இதெல்லாம் செய்ததால் என்ன ஆயிற்று, செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். முதலாவதற்கு ஒரு நல்ல பட்டியலும் விடாமல் துரத்திக் கேட்கும் ஆளும் போதும். இரண்டாவதற்குப் பல ஆண்டுத் தரவும் பொறுமையும் வேண்டும். இந்த அமைப்புகளை நடத்தும் பல செயலகங்கள் முதலாவதைச் செய்துவிட்டு, அட்டையில் இரண்டாவதன் பெயரைப் போட்டுவிடுகின்றன.

அப்படியானால் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

நான்கு அடுக்காக யோசித்தால் குழப்பம் வராது. ஒப்பந்தம் கையெழுத்தாகி நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்ததா? அது உள்நாட்டுச் சட்டமாகவும் சுங்கத் துறைச் சுற்றறிக்கையாகவும் மாறியதா? எல்லையில் நிற்கும் அதிகாரி அதன்படி நடக்கிறாரா? அதனால் வர்த்தகம், விலை, வேலைவாய்ப்பு மாறினவா?

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதியைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கையெழுத்தானது. 2019 மே 30 அன்று நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரி 1 முதல் வர்த்தகம் தொடங்கியதாக அறிவித்தார்கள். ஆனால் வரிக் குறைப்பு அட்டவணைகளும், எந்தச் சரக்கு எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கும் மூல விதிகளும் அப்போது முடிந்திருக்கவில்லை. 2022இல் எட்டு நாடுகளை வைத்து ஒரு வழிகாட்டு வர்த்தக முயற்சி தொடங்கிய பிறகுதான் கென்யாவின் பேட்டரியும் ருவாண்டாவின் காபியும் இந்த ஒப்பந்தத்தின்கீழ் கானாவுக்குப் போயின. “எப்போது தொடங்கியது?” என்ற ஒரு கேள்விக்கே நான்கு ஆண்டுகளைப் பதிலாகச் சொல்லலாம். ஒவ்வொன்றும் வேறு அடுக்கைச் சொல்கிறது.

இவ்வளவு எதற்கு? உறுப்பு நாடுகளுக்குள் நடக்கும் வர்த்தகம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதாதா?

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இந்த எண்ணைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வர்த்தகத்தில் சுமார் 60 சதவீதம் உள்ளுக்குள் நடக்கிறது. ஆசியானில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. தெற்காசியாவில் சுமார் 5 சதவீதம். ஒரே பார்வையில் நிலவரம் தெரிவதால் இதை நானும் விடுவதில்லை.

ஆனால் இந்த எண் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒப்பந்தத்தோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் விற்கும் நாடுகள் நிறைந்த வட்டாரத்தில் எண்ணெய் விலை ஏறினால் வெளி ஏற்றுமதியின் மதிப்பு வீங்கும், உள் வர்த்தகப் பங்கு இறங்கும். எல்லையில் ஒரு லாரிகூடக் குறைந்திருக்காது. ஒரு நாடு இரண்டாக உடைந்தால் நேற்றுவரை உள்நாட்டு வணிகமாக இருந்தது இன்று பிராந்திய வர்த்தகம் ஆகிவிடும், பங்கு ஏறும். பெரிய வட்டாரத்துக்கு இயல்பாகவே பங்கு அதிகம் என்பது இன்னொரு சிக்கல். இதைச் சரிக்கட்டத்தான் வர்த்தகச் செறிவுக் குறியீடு இருக்கிறது: உள் வர்த்தகப் பங்கை, உலக வர்த்தகத்தில் அந்த வட்டாரத்தின் பங்கால் வகுப்பது. விடை 1க்கு மேல் போனால், அளவுக்கு ஏற்ற எதிர்பார்ப்பைவிட உள்ளுக்குள் கூடுதலாக வாங்கி விற்கிறார்கள் என்று பொருள்.

ஆசியான் 92.7 சதவீதம் முடித்துவிட்டதாகப் படித்தேன். அப்புறம் ஏன் இன்னும் குறை சொல்கிறார்கள்?

அந்த எண் பொய்யில்லை. எதற்கு 92.7 என்பதைப் பார்க்க வேண்டும். ஆசியான் பொருளாதாரச் சமூகத்துக்கான செயல்திட்டம் 2007இல் ஏற்கப்பட்டது, முறைப்படி அது 2015 டிசம்பர் 31 அன்று பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு எடுத்த கணக்கில் 506 முன்னுரிமை நடவடிக்கைகளில் 469 முடிந்திருந்தன. அதுதான் 92.7. முழுப் பட்டியலில் இருந்தவை 611, அவற்றில் முடிந்தவை 486. அப்படிப் பார்த்தால் 79.5 சதவீதம். இரண்டு எண்ணும் ஆசியானின் சொந்த அறிக்கைகளிலேயே இருக்கின்றன. செய்தியில் ஏறியது பெரியது.

அதனால் எந்த முன்னேற்ற அறிக்கையைக் கையில் எடுத்தாலும் முதலில் வகுக்கும் எண்ணைத் தேடுங்கள். போன ஆண்டு இருந்த பட்டியல்தானா இது? கடினமான சில வேலைகள் “அடுத்த கட்டத்துக்கு மாற்றப்பட்டன” என்ற பெயரில் கழன்றுபோயினவா? இன்னொன்று, எல்லா நடவடிக்கைக்கும் ஒரே எடைதான். ஒரு பயிலரங்கு நடத்தியதும் ஒன்று, வங்கித் துறையை அயல்நாட்டாருக்குத் திறந்ததும் ஒன்று. எளியதெல்லாம் முதலில் முடியும், கடைசிப் பத்து சதவீதத்தில்தான் விஷயமே இருக்கும்.

இந்த மதிப்பெண்ணை யார் போடுகிறார்கள்?

பல இடங்களில் அந்தந்த நாடேதான். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாதிரி. அமைச்சகம் படிவத்தில் “நிறைவேற்றப்பட்டது” என்று எழுதி அனுப்பும், செயலகம் கூட்டிப் பார்த்து அச்சிடும். கேள்வி கேட்கிற அதிகாரம் செயலகத்துக்குப் பெரும்பாலும் இருக்காது. அது உறுப்பு நாடுகளின் பணத்தில் நடப்பது.

ஐரோப்பாவில் கதை வேறு. ஒன்றியம் போடும் ஆணைகளை உள்நாட்டுச் சட்டமாக மாற்றாமல் எந்த நாடு எத்தனை பாக்கி வைத்திருக்கிறது என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே 1997 முதல் வெளியிட்டு வருகிறது. முதல் பட்டியலில் சராசரி பாக்கி 6 சதவீதத்துக்கு மேல். 2007இல் தலைவர்கள் அதை 1 சதவீதத்துக்குள் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள், அடுத்த ஓரிரு ஆண்டில் அந்த அளவை எட்டவும் செய்தார்கள். பக்கத்து நாட்டுக்குக் கீழே தன் பெயர் அச்சாவதை எந்த அமைச்சரும் விரும்பமாட்டார் என்பது ஒரு காரணம். வழக்குப் போட்டு அபராதம் வாங்கித்தர ஆணையத்தால் முடியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உலக வங்கிக் குழுவோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட மதிப்பெண் அட்டை, நாடுகள் அனுப்பிய படிவத்தை நம்பாமல் சட்டப் புத்தகங்களையே புரட்டிப் பார்த்தது. பொதுச் சந்தை 2010லேயே தொடங்கியிருந்தும் சேவை வர்த்தகத்தில் மட்டும் வாக்குறுதிக்கு முரணான 63 விதிகள் அகப்பட்டன.

சட்டம் மாறியதைச் சரிபார்த்துவிடலாம். எல்லையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

லாரி ஓட்டுநரைக் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கண்காணிப்பு முறை இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மத்திய ஆசியப் பிராந்தியப் பொருளாதார ஒத்துழைப்பு என்ற, ஆசிய வளர்ச்சி வங்கி ஆதரவில் நடக்கும் திட்டத்தில் 11 நாடுகள் இருக்கின்றன. போக்குவரத்துச் சங்கங்கள் மூலம் ஓட்டுநர்களிடம் படிவம் கொடுக்கிறார்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்த இடத்தில் நின்றார், எதற்காக நின்றார் (வரிசை, சுங்கம், எடைமேடை, சுகாதாரச் சோதனை), எங்கே எவ்வளவு கொடுத்தார், அந்தப் பணத்துக்கு ரசீது உண்டா இல்லையா என்றெல்லாம் குறிக்கிறார்கள். அதிலிருந்து நான்கே எண்கள் எடுக்கிறார்கள்: எல்லையைத் தாண்ட ஆன நேரம், எல்லையில் ஆன செலவு, 20 டன் சரக்கை 500 கிலோமீட்டர் கொண்டுபோக ஆன செலவு, வேகம்.

வேகத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுவதில்தான் சூட்சுமம். சக்கரம் சுற்றிய நேரத்தை மட்டும் எடுத்தால் ஒரு வேகம், நின்ற நேரத்தையும் சேர்த்தால் இன்னொன்று. 500 கிலோமீட்டரை 10 மணி நேரத்தில் ஓட்டி, எல்லையில் 15 மணி நேரம் காத்திருந்தால் முதல் வேகம் மணிக்கு 50, இரண்டாவது 20. முதல் எண் குறைவாக இருந்தால் சாலையைப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் எல்லையைப் பாருங்கள். ஆனால் தாமதம் எல்லாமே அதிகாரிகளின் தவறு என்று முடிவுகட்டக் கூடாது. சீன–கஜகஸ்தான் எல்லையில் ரயில் பாதையின் அகலமே மாறுகிறது, 1,435 மில்லிமீட்டரிலிருந்து 1,520க்கு. எந்தச் சுற்றறிக்கையாலும் அதைக் குறைக்க முடியாது.

இதே வழியில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாடுகளுக்குப் போகும் வடக்குத் தடத்துக்கு ஒரு போக்குவரத்துக் கண்காணிப்பகம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை சோதனைச் சாவடி, எவ்வளவு லஞ்சம், எத்தனை நிமிடத் தாமதம் என்று எண்ணினார்கள். தென், கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகர்கள் தாங்களே தடையை இணையத்தில் பதிவுசெய்யலாம். பதிவானதை அந்த நாட்டு அதிகாரி தீர்த்துக் கணக்கை முடிக்க வேண்டும்.

சுங்கவரி பூஜ்யம் என்கிறார்கள், வர்த்தகமோ ஏறவே இல்லை. எங்கே இடிக்கிறது?

மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, விலக்குப் பட்டியல். தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஆனால் ஒவ்வொரு நாடும் வரி குறைக்க மாட்டோம் என்ற சரக்குகளுக்கு ஓர் ‘உணர்திறன் பட்டியலை’ வைத்துக்கொண்டது. அடுத்தவர் விற்க விரும்பும் சரக்கெல்லாம் அதில் இருந்தால் மற்றதற்கு வரி பூஜ்யமாகி யாருக்கு லாபம்? தெற்காசியாவுக்குள் 67 பில்லியன் டாலர் வர்த்தகம் நடக்க வேண்டிய இடத்தில் 23 பில்லியன்தான் நடக்கிறது என்று உலக வங்கி 2018இல் கணக்கிட்டது.

இரண்டு, சலுகையைப் பயன்படுத்தும் விகிதம். சலுகைக்குத் தகுதியான சரக்கில் எவ்வளவு உண்மையில் சலுகை வரியில் வந்தது என்ற இந்த எண்ணைப் பல அறிக்கைகளில் காணவே முடியாது. சுங்கத் துறையிடம் தரவு இருக்கும், வெளியே வராது. சாதாரண வரி 3 சதவீதம்தான் என்றால், அதை மிச்சப்படுத்த மூலச் சான்றிதழுக்கு அலைவதைவிட வரியையே கட்டிவிடலாம் என்று ஏற்றுமதியாளர் நினைப்பார். விகிதம் குறைவாக இருந்தால் மூல விதி கடுமையா, சான்றிதழ் வாங்குவது சிரமமா, சலுகையே அற்பமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சுங்கவரி அல்லாத தடைகள். தரச் சான்று, ஆய்வகச் சோதனை, குறிப்பிட்ட துறைமுகம் வழியாக மட்டும் அனுமதி, இப்படி. முந்தைய பதிலில் சொன்ன ஓட்டுநர் படிவமும் புகார்ப் பதிவும் இங்கேதான் கைகொடுக்கும்.

புள்ளிவிவரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கையும் வாங்கிய நாட்டின் இறக்குமதிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏற்றுமதியில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேராது, இறக்குமதியில் சேரும். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால் இடைத் துறைமுகத்தைச் சந்தேகியுங்கள். ராட்டர்டாம் வழியாக ஜெர்மனிக்குப் போகும் சரக்கு நெதர்லாந்தின் கணக்கை வீங்கவைக்கும். சிங்கப்பூரின் மறு ஏற்றுமதி ஆசியான் கணக்கை வீங்கவைக்கும்.

கணக்கிலேயே வராத வர்த்தகம் தனி. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் எல்லை தாண்டும் சோளத்துக்கும் பீன்ஸுக்கும் சுங்கப் பதிவு கிடையாது. உகாண்டா புள்ளியியல் துறை எல்லைப் பாதைகளில் ஆள் நிறுத்தி, கண்ணால் பார்த்து எண்ணிக் குறித்துக்கொள்கிறது. பிராந்திய வர்த்தகத்தில் ஏழைகளின் பங்கு தெரிய வேண்டுமானால் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஒருங்கிணைப்பு வெற்றி பெற்றால் தரவு போய்விடும். ஐரோப்பாவில் 1993இல் உள் எல்லைச் சுங்கப் படிவங்கள் ஒழிந்ததும் வர்த்தகத்தை எண்ண வழியில்லாமல், நிறுவனங்களிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் இன்ட்ராஸ்டாட் என்ற முறையைப் புதிதாக ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

ஒருங்கிணைப்புக் குறியீட்டில் ஒரு நாடு முதலிடம் என்றால் அது முழுதாக ஒருங்கிணைந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. ஆப்பிரிக்கப் பிராந்திய ஒருங்கிணைப்புக் குறியீடு வர்த்தகம், உற்பத்தி, பேரியல் பொருளாதாரம், உள்கட்டமைப்பு, ஆட்களின் நடமாட்டம் என்று ஐந்து பரிமாணங்களைக் கூட்டி 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. 2019இல் முதலிடம் தென்னாப்பிரிக்காவுக்கு, 0.625. இந்த மதிப்பெண் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டு வருவது. முன்னால் இருப்பவர் சறுக்கினால், ஒன்றுமே செய்யாதவரின் மதிப்பெண் ஏறும். ஆசிய வளர்ச்சி வங்கியின் குறியீடு போன்றவற்றில் எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பதைப் புள்ளியியல் முறையே தீர்மானிக்கிறது, எது முக்கியம் என்ற மனித முடிவு அல்ல. தரவரிசையைத் தள்ளிவைத்துவிட்டு பரிமாண மதிப்பெண்களைப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று அவைதான் சொல்லும்.

வர்த்தகம் ஏறியது ஒப்பந்தத்தால்தான் என்று எப்படி நிரூபிப்பது?

முழுதாக நிரூபிக்க முடியாது, நெருங்கலாம். பொதுவான கருவி ஈர்ப்பு மாதிரி: இரண்டு நாடுகளின் பொருளாதார அளவு, தூரம், மொழி, எல்லை எல்லாவற்றையும் வைத்து எவ்வளவு வர்த்தகம் நடக்க வேண்டும் என்று கணித்து, மீதியை ஒப்பந்தத்தின் கணக்கில் எழுதுவது. இது எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் உதாரணம். பொருளாதார அளவும் தூரமும் ஒரே மாதிரி இருந்தால், கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிட 22 மடங்கு கூடுதலாகத் தங்களுக்குள் வணிகம் செய்கின்றன என்று 1995இல் ஓர் ஆய்வு சொன்னது. 2003இல் வேறு இருவர் முறையைத் திருத்தியதும் எல்லையின் விளைவு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

முன்கணிப்பையும் பின்மதிப்பீட்டையும் ஒப்பிடுவதும் பயனுள்ளது. ஐரோப்பிய ஒற்றைச் சந்தையால் உற்பத்தி சுமார் 5 சதவீதம் கூடும் என்று ஐரோப்பிய ஆணையத்துக்காக எழுதப்பட்ட செக்கினி அறிக்கை 1988இல் கணித்தது. பத்தாண்டு முடிந்து 2002இல் ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டபோது கிடைத்தது 1.8 சதவீதம். தோல்வி என்று சொல்லமாட்டேன், சேவைத் துறை அதுவரை பெரும்பாலும் திறக்கப்படாமலே இருந்தது. கூடவே பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் எழுப்பிய கேள்வியையும் கேளுங்கள்: புதிய வர்த்தகம் பிறந்ததா, அல்லது மலிவாக விற்ற வெளியாரிடமிருந்து விலை கூடிய உறுப்பு நாட்டுக்கு மாறியதா? இரண்டாவது நடந்தாலும் உள் வர்த்தகப் பங்கு அழகாக ஏறும்.

இலக்கை எண்ணாக வைத்துவிட்டால் ஒழுங்காக நடப்பார்கள்தானே?

எண்ணைத் தொடும்படி கணக்கெழுதவும் கற்றுக்கொள்வார்கள். யூரோவில் சேர அரசின் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கிரேக்கம் 2001இல் சேர்ந்தது. 2004இல் கணக்கைத் திருத்தியபோது, சேர்வதற்கு அடிப்படையாக இருந்த ஆண்டிலேயே பற்றாக்குறை 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. நாடுகளின் கணக்கை நேரில் தணிக்கை செய்யும் அதிகாரம் ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டுக்குக் கிடைத்தது 2010இல்தான், கிரேக்கத்தின் பெரிய கடன் நெருக்கடி வெடித்த பிறகு.

புகார்களும் வழக்குகளும் கூடிக்கொண்டே போனால் ஒருங்கிணைப்பு பின்னோக்கிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். யாருமே புகார் செய்யாத இடத்தில் உரிமை இருப்பது யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். பார்படாஸுக்குள் நுழைய விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ஜமைக்கப் பெண் கரீபிய நீதிமன்றத்துக்குப் போனார். கரீபியச் சமூகமான காரிகோமின் குடிமக்களுக்கு ஆறு மாதம் தங்கும் உரிமை உண்டு என்று 2013இல் தீர்ப்பு வந்தது, இழப்பீடும் கிடைத்தது. புகார்க் கணக்கில் அது ஒரு கழித்தல். என் கணக்கில் பெரிய கூட்டல். எண்ணிக்கையைவிட, வந்த புகார் தீர எத்தனை நாள் ஆகிறது, தீர்ந்தது மறுபடி முளைக்கிறதா என்று பார்ப்பது மேல்.

எங்கள் செயலகத்தில் ஆள் குறைவு, பணமும் குறைவு. ஐந்தே ஐந்து எண்கள்தான் முடியும் என்றால் எவை?

என் தேர்வு: முக்கியமான இரண்டு எல்லைகளைத் தாண்ட ஆகும் நேரம், சலுகைப் பயன்பாட்டு விகிதம், தீராத தடைப் புகார்களின் சராசரி வயது, உள்நாட்டுச் சட்டமாகாத வாக்குறுதிகளின் எண்ணிக்கை, வர்த்தகச் செறிவுக் குறியீடு. எல்லை நேரத்தில் சராசரியை மட்டும் போடாதீர்கள், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நடுமதிப்பையும் போடுங்கள். ஒரு லாரி பத்து நாள் சிக்கினால் சராசரி தாறுமாறாகிவிடும்.

ஒரு நாடு அமைப்பைவிட்டு விலகினால் பழைய கணக்கை என்ன செய்வது?

இரண்டு தொடராக வைத்துக்கொள்ள வேண்டும். மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் எக்கோவாஸிலிருந்து விலகின. 15 இருந்த இடத்தில் 12. ஐவரி கோஸ்ட்டிலிருந்து மாலிக்குப் போகும் சரக்கு நேற்று உள் வர்த்தகம், இன்று வெளி வர்த்தகம், லாரியும் சாலையும் அதேதான். அதே நேரத்தில் மூன்று நாடுகளும் பொது நாணயமும் பொதுச் சுங்கவரியும் உள்ள மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தில் தொடர்ந்தன. ஆக ஒரு அமைப்பின் அறிக்கையில் பங்கு சரியும், இன்னொன்றில் அப்படியே இருக்கும். 15 நாட்டுத் தொடரை நிறுத்தாமல் நடத்துங்கள், 12 நாட்டுத் தொடரை முந்தைய ஆண்டுகளுக்கும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எந்த அட்டவணை எத்தனை நாட்டுக்கானது என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.